மைக்கு அடியில் இருந்த ஆள்

சாவதற்கு நான்கு மாதம் முன்புதான் அப்பாவுக்குத் தன் முதல் சித்திரக்கதையின் நினைப்பே வந்தது. முப்பத்தாறு வருடம் வாராவாரம் ஒரு துப்பறிவாளனை வரைந்தவர். நெஞ்சை நிமிர்த்தி, தாடையை நீட்டிக்கொண்டு நிற்பான் அந்த ஆள். தூங்கும் காட்சியில்கூட விறைப்பாகத்தான் படுத்திருப்பான்.

வெளிவராத பழைய கதை இருந்தால் புத்தகமாகப் போடலாம் என்று ஒரு பதிப்பாளர் கேட்டார். அலமாரிக்கு மேலிருந்து நாற்பது பக்கம் இறங்கியது. தொலைந்த சாமான்கள் அறையில் வேலை பார்க்கும் குமாஸ்தா, ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் சொந்தக்காரரைத் தேடி அலைகிற கதை. இருபத்துமூன்று வயதில் வரைந்தது. பத்திரிகை ஆசிரியர் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தது.

மகள் எக்ஸ்ரே இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் இன்ஜினியர். லீவு போட்டு வந்து பக்கங்களை ஸ்கேன் செய்தாள். முதல் பக்கம் திரையில் வந்ததும் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இதென்ன, பூரா நீலமா இருக்கு?"

"நீங்க போட்ட பென்சில்தான்ப்பா."

அந்தக் காலத்தில் வெளிர்நீலப் பென்சிலால் வரைந்துவிட்டு, மேலே கறுப்பு மை போடுவார்கள். அச்சகத்துக் கேமராவுக்கு அந்த நீலம் தெரியாது. யாரும் மெனக்கெட்டு அழிப்பதில்லை. ஸ்கேனருக்கு எல்லாம் தெரிந்தது.

மையில் குமாஸ்தா சிப்பாய்போல நின்றான். அடியில், நீலத்தில், அதே ஆள் தோள் சரிந்து, ஒரு கால் மடங்கி, பஸ்ஸைத் தவறவிட்டவன்போல நின்றான். அவனைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

"மொதல்ல பென்சில்லதான் கொண்டுபோய்க் காட்டினேன்," என்றார் அப்பா. "'என்னய்யா, ஆளு துவைச்சுப் போட்ட துணி மாதிரி தொங்குறான், நிமித்து'ன்னார் ஆசிரியர். நாப்பது பக்கமும் நிமித்தி மை போட்டேன். அப்பவும் கதை வேணாம்னுட்டு, துப்பறிவாளன வரையச் சொல்லிட்டார்."

அதன்பின் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்குப் போவார், திரும்பி வருவார், அந்தத் தோளைப் பெரிதாக்கிக் காட்டு என்பார். மறுபடி ஜன்னல்.

"அப்போ எனக்கு வரையவே வரலைன்னு இத்தன வருஷம் நெனச்சிருந்தேன். வந்திருக்கு பாரு."

"நீலத்தை நிமிஷத்துல எடுத்துடலாம்ப்பா. பதிப்பாளர் சுத்தமாக் கேக்குறார்."

"நீலம் இருக்கட்டும். மைய எடு."

"மை மறைச்ச கோடு மெஷினுக்குத் தெரியாது. மை ஓடின இடமெல்லாம் ஓட்டை விழும்."

"நான் அடைக்கிறேன். வரைஞ்சவன் இங்கதானே குத்துக்கல்லாட்டம் இருக்கேன்?"

மையை நீக்கி அச்செடுத்துக் கொடுத்தாள். பதினேழாம் பக்கத்தில், குமாஸ்தாவின் தோளில் ஒரு விரலளவு இடைவெளி. அப்பா நீலப் பென்சிலால் இழுத்தார். நெஞ்சு நிமிர்ந்துகொண்டது. அழித்தார். மறுபடியும் நிமிர்ந்தது. வேறு தாள் கேட்டார். இடது கையால் முயன்றார்.

"இந்தத் துப்பறியிற சனியன் கைய விட்டுப் போகவே மாட்டேங்கிறானே!"

ஒன்பது நாள். மாத்திரை வேளை தவறியது. டீ ஆடை கட்டிக் கிடந்தது. பத்தாம் நாள் அவளையே எதிரில் நிறுத்தினார்.

"கொஞ்சம் தொங்கிப்போய் நில்லும்மா."

"ரெண்டு மணி நேரமா நிக்கிறேன். தானாத் தொங்கும்."

தாளைத் திருப்பிக் காட்டினார். அதில் அவளும் விறைப்பாக நின்றாள்.

"என்னையும் போலீஸ்ல சேத்துட்டீங்களே!"

அப்பா இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு பென்சிலை மேஜையில் வைத்தார்.

"ஓட்டையோடயே அனுப்பு."

பதிப்பாளர் உடனே ஃபோன் செய்தார். "சார், அச்சுக் கோளாறுன்னு நெனைப்பாங்க. ஒரு பக்கம் மை, ஒரு பக்கம் நீலம்னு போடலாமா?"

"நிமிந்து நிக்கிற ஆள முப்பத்தாறு வருஷம் குடுத்துட்டேன் தம்பி. இவன் ஒருத்தன விட்டுடுங்க."

கொஞ்ச நேரம் இழுத்தடித்துவிட்டுப் பதிப்பாளர் சம்மதித்தார்.

அச்சுக்கு முந்தைய மாதிரிப் பிரதி வந்தபோது அப்பா இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அவள் ஸ்கேன் செய்த பக்கங்களைப் பக்கத்தில் திறந்துவைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பதினேழாம் பக்கத்தில் குமாஸ்தாவின் தோளில் இருந்த இடைவெளியைக் காணவில்லை. யாரோ அதே நீலத்தில் கோட்டைச் சேர்த்திருந்தார்கள். அப்பாவுக்கு ஒன்பது நாளாக வராத சரிவு, அச்சு அசலாக வந்திருந்தது.

வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பதிப்பாளரை அழைத்தாள்.

"அதுவா? விட்டுப்போச்சுன்னு நெனச்சு நம்ம டிசைன் பையன் சேத்துட்டான். நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "எடுத்துடுங்க."