அவுட்லைனில் வராத எழுத்து

ஒரகடம் தொழிற்சாலையில் எங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு மேனேஜருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. எனக்கும் அவரைப் பிடிக்காது. நான் செய்த பயிற்சி ஸ்லைடுகளை ஒருநாள் எல்லார் முன்னாலும் பவர்பாயிண்டில் திறந்தார். ஸ்லைடுகளின் எழுத்தை மட்டும் ஓரத்தில் வரிசையாகக் காட்டும் அவுட்லைனில் ஸ்லைடு எண்கள் மட்டும் இருந்தன. ஒரு வரிகூட இல்லை.

"இன்னாம்மா இது? வேல செஞ்சியா, தூங்கிக்கினு இருந்தியா?"

"ஸ்லைடுல எல்லாம் இருக்கு சார்."

"அவுட்லைன்ல காணோமே. எனக்கு அதான் வேணும்."

சிலர் சிரித்தார்கள். மதியம் சாப்பிடப் போகாமல் காரணத்தைத் தேடினேன். ஸ்லைடின் லேஅவுட்டோடு தானாக வரும் தலைப்பு, விவரக் கட்டங்களில் எழுதினால்தான் அவுட்லைனில் தெரியும். நாமாகச் செருகும் டெக்ஸ்ட் பாக்ஸில் எழுதினால் தெரியாது. ஸ்லைடு செய்ய அவர் கொடுத்திருந்த டெம்ப்ளேட் ஃபைலில் அந்தக் கட்டங்களே இல்லை. அழகாக இல்லை என்று அவரே அழித்திருந்தார்.

லேஅவுட்டை மாற்றி, முப்பது ஸ்லைடிலும் எழுத்தை வெட்டி அந்தக் கட்டங்களில் ஒட்டினேன். அவுட்லைன் நிரம்பியது.

"உங்க ஃபைல்ல கட்டமே இல்ல சார். அதான் வரல" என்று மேனேஜரிடம் திறந்து காட்டிச் சொன்னேன், காலையில் சிரித்தவர்கள் காதிலும் விழும்படி.

மறுநாளே என்னை உற்பத்தி லைனுக்கு மாற்றினார். அவர் முகத்தில் முழிக்க வேண்டியதில்லையே என்று சந்தோஷமாகவே போனேன்.