பக்கத்துக் கப்பலில் குடித்த தேநீர்

எகிப்தின் பழங்காலக் கோயில்களைப் பார்க்க நானும் என் கணவரும் நைல் நதியில் கப்பல் பயணம் போயிருந்தோம். அங்கே கரையில் கப்பல்களை ஒட்டி ஒட்டி நிறுத்துகிறார்கள். ஒன்றின் வரவேற்பறை வழியாக நடந்துதான் அடுத்ததற்குப் போகவேண்டும்.

எட்ஃபு கோயிலில் எனக்கு முட்டி வலித்தது. கணவர் அங்கிருந்த கல் பருந்துச் சிலையைப் படமெடுத்துக்கொண்டிருந்ததால் நான் மட்டும் குதிரை வண்டியில் முன்னதாகத் திரும்பினேன். காலையில் எங்கள் கப்பல் மூன்றாவதாக நின்றது. அதே நினைப்பில் மூன்றாவது கப்பலில் ஏறி உட்கார்ந்தேன். பணியாளர் செம்பருத்தித் தேநீர் தந்தார். குடித்து முடிப்பதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது.

'ஐயோ, அவரை விட்டுட்டுப் போறாங்களே!' என்று பதறி மேல்தளத்துக்கு ஓடினேன். அவரோ பக்கத்துக் கப்பலின் மேல்தளத்தில் நின்றிருந்தார்.

"ஸ்டெல்லா! அங்க இன்னா பண்ணிகினு கீற?" அம்பத்தூரில் பிறந்து வளர்ந்த குரல் தண்ணீரைத் தாண்டி வந்தது.

"நீங்க ஏன் அந்தக் கப்பல்ல ஏறினீங்க?" என்று கத்தினேன்.

"இதாம்மா நம்ம கப்பலு!"

நாங்கள் கோயிலில் இருந்தபோது கப்பல்களை இடம் மாற்றியிருக்கிறார்கள். எங்கள் கப்பலின் வரவேற்பறையைத் தாண்டித்தான் நான் இங்கே வந்திருக்கிறேன்! பாஸ்போர்ட், போன் எல்லாம் அங்கே அறையில். நல்லவேளை, இரண்டு கப்பலும் அடுத்து ஒரே ஊரில்தான் நிற்கும் என்று பணியாளர்கள் தேற்றி, மதியச் சாப்பாடும் போட்டார்கள்.

மாலையில் கரையில் காத்திருந்தவர் திட்டவில்லை. என் கையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் எங்கே தங்கினாலும், வாசலிலுள்ள பெயர்ப்பலகையைப் போனில் படமெடுத்த பிறகே வெளியே கிளம்புகிறேன். அவரும் எந்தச் சிலையைப் படமெடுக்கும் முன்பும், நான் பக்கத்தில் இருக்கிறேனா என்று திரும்பிப் பார்க்கிறார்.

– ஸ்டெல்லா, முகப்பேர்