பாண்டுரங்கனும் நரம்புத் தளர்ச்சிப் பலகையும்

திண்டிவனத்துத் தையற்காரர் பாண்டுரங்கனுக்கு வலது கை நடுங்கும். ஊசியில் நூல் கோப்பதற்குள் ஒரு பீடி புகைத்து முடித்துவிடலாம். எழுதியிருப்பதை அப்படியே நம்பும் குணம் அதைவிடப் பெரிய வியாதி.

1957-இல் விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே ஒரு விடுதியில் வைத்தியர் சுப்புராயன் பலகை மாட்டியிருந்தார். முன்பு அதில் 'ஆண்மைக் குறைவு' என்று இருந்தது. அப்படி விளம்பரம் செய்யக் கூடாதென்று சட்டம் வந்ததும் அதை அழித்து 'நரம்புத் தளர்ச்சி' என்று எழுதிவிட்டார். லேகியமும் புரட்டும் பழையவைதான். பலகையின் அர்த்தம் ஊருக்கே தெரியும், பாண்டுரங்கனைத் தவிர.

கை நடுக்கத்துக்கு மருந்து கேட்டு அவர் உள்ளே போனார். காத்திருந்தவர்கள் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்திருந்தார்கள். பக்கத்து ஆளிடம் இவர் உரக்கக் கேட்டார்: "உங்களுக்கு எந்தக் கைங்க?" அவர் எழுந்தே போய்விட்டார்.

இவர் அங்கே போன செய்தி பெருமுக்கல் போய்ச் சேர்ந்தது. அங்கேதான் ருக்குவை இவருக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். அவள் அப்பா அரசப்பன் வந்து நின்றார்.

"கண்ணாலம் வேணாம்பா. பொண்ணு வாழ்க்கை பாரு."

பாண்டுரங்கன் கையை நீட்டிக் காட்டினார்.

"இப்பவே நடுங்குதே!" என்று சொல்லிவிட்டு அரசப்பன் பஸ் ஏறினார்.

பிறகு வைத்தியர்மீது போலீஸ் வழக்குப் போட்டது. நரம்புக்கு மட்டுமே வைத்தியம் என்று நிரூபிக்க, அவருடைய வக்கீல் பாண்டுரங்கனையே சாட்சிக்கு அழைத்தார். விஷயம் அறிந்து அரசப்பனும் ருக்குவும் வந்திருந்தார்கள்.

"கைக்குத்தாங்க போனேன்."

வக்கீல் பூரித்துப்போனார். மாஜிஸ்திரேட் கேட்டார்: "என்ன மருந்து கொடுத்தார்?"

"லேகியம்ங்க. பால்ல கலக்கிச் சாப்பிடு, பொஞ்சாதி இனிமே கோச்சிக்கினு அம்மா ஊட்டுக்குப் போவமாட்டான்னாரு. எனக்கு இன்னும் கண்ணாலமே ஆவலைங்கன்னேன். அப்ப ரெண்டு டப்பியா எடுத்துக்கோன்னாரு."

கோர்ட்டே சிரித்தது. வைத்தியருக்கு அபராதம்.

சிரித்தவர்களில் சிலர் வீட்டிலும் அந்த டப்பி இருந்திருக்கும். காய்ச்சலைப் போல ஆண்மைக் குறைவும் ஒரு நோய்தான். காய்ச்சலென்றால் டாக்டரிடம் ஓடுகிறவன், இதை வாய்விட்டுச் சொல்லக் கூசி வைத்தியரிடம் ஒளிந்து போகிறான். சட்டம் பலகையைத்தான் இறக்கியது. அந்தக் கூச்சத்தை யார் இறக்குவது?

கோர்ட் வாசலில் அரசப்பன் மெல்ல இழுத்தார். "மாப்ள, கை மட்டுந்தானே...?"

பாண்டுரங்கன் வாய் திறப்பதற்குள் ருக்கு அப்பாவை இடைமறித்தாள்.

"ஊசில நூலை நான் கோத்துக் குடுக்குறேன். நீ ஜல்தியா போய் பஸ்ஸுல எடம் புடி, நைனா."