பதின்மூன்று கியூப்

சண்டை முடிந்து சில வருடங்களில் கற்பிட்டிக் கரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஹோட்டல்கள் எழும்பின. அப்போது நான் மதுரங்குளியில் தேங்காய் மட்டை அரைக்கும் ஒரு தும்பு மில்லில் லொறி லோட் கணக்கு எழுதுகிறவளாக இருந்தேன். என் கூட்டாளி வீட்டுக்குப் பின்னால் பூங்கன்று வளர்த்து விற்றாள். இரண்டு பேரும் வன்னியில் ஒரே ஊர்க்காரர். சண்டைக்காலத்தில் ஒரே லொறியில் புத்தளம் வந்து, ஒரே கொட்டிலில் நடுவில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு மூன்று வருடம் குடியிருந்தவர்கள். எனக்கு அம்மை போட்டபோது என் உடுப்பெல்லாம் தோய்த்தது அவள்தான்.

ஒருநாள் மில் வாசலுக்கே ஓடி வந்தாள். புது ஹோட்டலொன்றின் தோட்ட வேலை கிடைத்திருக்கிறதாம்.

"பாத்திக்கு மேல தேங்காய்ப் பொச்சுத் துண்டு போடோணுமாம். எவ்வளவு வேணுமெண்டு மனேஜர் கேக்கிறான். எனக்கு அந்தக் கணக்கு வராதடி. நீ அள, நான் கதைக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமை போனோம். வெறும் கடல்மணல்; வாளி வாளியாக ஊற்றினாலும் நிமிடத்தில் தண்ணீர் காணாமல் போய்விடும். மேலே பொச்சுத் துண்டு கனமாகக் கிடந்தால்தான் ஈரம் நிற்கும். மனேஜர் இளம் ஆள். சிங்களத்தில் கதைப்பார், இடையிடையே தெரிந்த தமிழையும் போடுவார். என் கூட்டாளிக்கு நல்ல சிங்களம்.

அன்று முழுக்க அளந்தேன். நேர்ப் பாத்திகளுக்கு நாடா போதும். வட்டப் பாத்திகளுக்கு நடுவில் தடியை ஊன்றிக் கயிறு பிடித்தேன். நடைபாதையைக் கழித்தேன். செவ்வரத்தைக் கன்றுகளின் அடியில் ஒரு சாண் விட்டேன், தண்டோடு ஒட்டிக் கிடந்தால் அழுகிவிடும். எல்லாம் கூட்டினால் நாலாயிரத்து நானூறு சதுர அடி. மூன்று அங்குலக் கனத்துக்குப் போட்டால் ஆயிரத்து நூறு கன அடி. எங்கள் பக்கம் நூறு கன அடியை ஒரு கியூப் என்போம், ஆக பதினொரு கியூப். தண்ணீர் பட்டால் துண்டு படிந்து இறங்கும், கடல் பக்கம் காற்றும் கொண்டுபோகும். அதற்கு இரண்டைக் கூட்டி, பதின்மூன்று என்று கொப்பியில் எழுதினேன்.

மனேஜர் அவளை விட்டுவிட்டு என்னிடம்தான் கேட்டார், ஏன் இரண்டு கூட என்று. நான் சொல்ல, அவள் சிங்களத்தில் திருப்பிச் சொன்னாள். அவர் தலையாட்டி, கொப்பித் தாளைக் கிழித்துத் தரச்சொல்லி அவளிடம் கொடுத்தார். பிறகும் ஒவ்வொன்றாக என்னையே கேட்டார். எந்தக் கன்று வெயில் தாங்கும் என்பதைக்கூட. அது அவளுடைய வேலை. எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை.

இரண்டு கிழமையாக ஒரு கதையும் இல்லை. கேட்டதற்கு, "அவங்கள் வேற ஆக்களைப் பிடிச்சிட்டாங்களடி, விடு" என்றாள். நம்பினேன். அவளுக்காகக் கவலையும் பட்டேன்.

பிறகு ஒரு பின்னேரம் பஸ் தரிப்பில் அந்த ஹோட்டல் தோட்டக்காரரைக் கண்டேன், உடப்பு ஊர்க்காரர். அவர் தயங்கித் தயங்கித்தான் கதையை எடுத்தார்.

"அக்கா, கோவிக்காதீங்க. உங்க மில்லுக்கு லோட் ஓடட்டுமெண்டு நீங்க கணக்கைக் கூட்டிப் போட்டீங்களாமே? உங்க கூட்டாளிதான் மனேஜர்கிட்டச் சொன்னா. ஏழு கியூப் போதுமெண்டு வேற மில்லில எடுத்து, இப்ப அவதான் போடுறா."

வீட்டுக்குப் போனதும் நான் செய்த முதல் வேலை, கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தது. மூன்று தரம் போட்டேன். மூன்று தரமும் பதின்மூன்றுதான். ஆனாலும் அவள் சொன்னால் சரியாக இருக்குமோ என்று அப்போதும் எனக்குள் ஒரு நினைப்பு. அதை நினைத்துத்தான் பிறகு அழுதேன்.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பவில்லை.

"என்னைக் கள்ளி எண்டு சொன்னனியா?"

"கள்ளி எண்டு சொல்லேல்ல. கூட்டிப் போட்டிருப்பாய் எண்டுதான் சொன்னனான்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

அவள் கை நின்றது. "நான் பிடிச்ச வேலை அது. ரெண்டு மாசம் அலைஞ்சு பிடிச்சனான். அவன் ஒரு நாளில உன்னையே கேக்கத் தொடங்கிட்டான். நான் என்ன, உனக்குக் கதைச்சுக் குடுக்கவே வந்தனான்?"

"அதை எனக்குச் சொல்லியிருக்கலாமே."

அவள் திரும்பவும் மண்ணை அள்ளினாள். நான் வந்துவிட்டேன்.

மூன்று மாதம் போய், கடலிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று தொடங்கியது. ஒரு கிழமை அடித்ததும் ஹோட்டல் வாகனம் மில்லுக்கு வந்தது. மனேஜர் என்னைக் கூட்டிவரச் சொன்னாராம். எங்கள் மில் முதலாளி ஹாஜியார், "போய்ப் பாத்துட்டு வா புள்ள" என்றார். போனேன். என் கணக்கைக் கண்ணால் பார்க்கவேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

கடல் பக்கப் பாத்திகளில் மணல் தெரிந்தது. செவ்வரத்தை இலைகள் கருகிச் சுருண்டிருந்தன. நடைபாதையில் சிதறிய துண்டுகளை அவள் குந்தியிருந்து கையால் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

குச்சியைக் குத்திக் குத்திக் கனம் பார்த்தேன். மிஞ்சிக் கிடந்தது ஐந்து கியூப் வராது.

"இன்னும் எட்டு வேணும் சேர். ஆனா முதல் ஒண்டு சொல்லோணும். நான் அண்டைக்குக் கணக்கைக் கூட்டிப் போடேல்ல."

அவருக்கு முதலில் விளங்கவே இல்லை. பிறகு சிரித்துக் கையை வீசினார். "ஆ, அது? பரவால்ல, பரவால்ல. நான் மறந்திட்டன்."

மூன்று மாதம் நான் நித்திரை கொள்ளாத கதை அவருக்கு ஞாபகத்திலும் இல்லை. நான் அவளைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, 'நான் பொய் சொன்னனான் சேர்' என்று சிங்களத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பாத்திக்கு நகர்ந்தாள்.

எட்டுக் கியூபும் எங்கள் மில்லிலிருந்து போகக்கூடாது என்று ஹாஜியாரிடம் கேட்டுக்கொண்டேன். "வார வியாபாரத்த ஏன் புள்ள தள்ளுற?" என்று ஏசினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று விட்டுவிட்டார். தோட்டம் பிழைத்தது என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த வருடம் அவள் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்குக்கு அழைப்பு வந்தது. போகாமல் இருக்க முடியவில்லை, அந்தப் பிள்ளை கொட்டிலில் என் மடியில் கிடந்த பிள்ளை. பந்தியில் அவளே வந்து எனக்குக் கறி வைத்தாள். மற்றவர்கள் எழும்பிப் போனதும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எடி, அண்டைக்கு நான்..."

நான் எழும்பிக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அவள் வேறு பந்திக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள்.