நான் கரண்ட்டை நிறுத்திய ஞாயிற்றுக்கிழமை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நெய்வேலி டவுன்ஷிப் முழுவதையும் இருட்டாக்கினேன். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அந்த அளவுக்குப் பெரிய காரியம் எதையும் நான் செய்ததில்லை. இன்றைக்கு கேஸ் சிலிண்டர் புக் பண்ணுவதற்கே மகளைத்தான் கூப்பிடுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் கனம் புரியாது. அவர்கள் ஊரில் கரண்ட் போவதும் வருவதும் பஸ் போவது வருவது மாதிரி. எங்கள் ஊரில் கரண்ட் போகாது. இடி, மழை, புயல், எதற்கும் போகாது. போனால், கரண்ட் செய்கிற இடத்திலேயே ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். மண்ணைத் தோண்டிக் கரி எடுத்து, அதை எரித்து, ஊர் ஊராக கரண்ட் அனுப்பிக்கொண்டிருந்த இடத்திலேயே குடியிருந்தோம். அடுப்படியில் இருப்பவனுக்குச் சூடு குறையுமா? லீவுக்கு அம்மாவின் ஊரான காடாம்புலியூருக்குப் போனால் அங்கே என் மாமா பிள்ளைகள் சிம்னி விளக்கில் படிப்பார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றபடி, "எங்க ஊர்ல எங்கப்பாதான் கரண்ட் பண்றாரு" என்று சொல்வேன். பொய் இல்லை. அப்பாவுக்குத் தெர்மலில், அதாவது அனல்மின் நிலையத்தில், பாய்லர் பக்கம் வேலை. ஆனால் அந்தப் பிள்ளைகள் என்னைக் கிணற்றில் தள்ளாமல் விட்டது அவர்களுடைய பெருந்தன்மை.

ஷிப்ட் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்பது காலண்டரைப் பார்த்து வராது. அப்பாவின் ஆஃப் என்றைக்கோ அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் ஞாயிறு. செவ்வாய்க்கிழமை கறி எடுத்த வாரங்கள் உண்டு. ஆனாலும் நாடறிந்த ஞாயிற்றுக்கிழமையை அம்மா முழுசாக விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் வரிசையில் முதலில் கலர் டிவி வாங்கியது நாங்கள்தான் என்பதால், சாயங்காலப் படத்துக்கு எங்கள் குவார்ட்டர்ஸ்தான் தியேட்டர். பாயை அவரவரே கொண்டுவர வேண்டும், செருப்பை வாசலிலேயே விட வேண்டும், பாட்டு வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம் என்று அம்மா சட்டம் போட்டிருந்தாள். எதிர்வீட்டு அத்தை முன்வரிசையில் சுவரோரம் உட்காருவார். திருநெல்வேலிப் பக்கம். மூன்றாம் வீட்டு டீச்சர், நோட்டுக் கட்டோடு வந்து படம் பார்த்துக்கொண்டே மார்க் போடுவார். படத்தில் சண்டை வந்தால் மார்க் குறையும் என்று அவரிடம் படித்த பிள்ளைகள் சொல்வார்கள்.

அன்றைக்கு அப்பாவுக்கு செகண்ட் ஷிப்ட். மத்தியானமே போய்விட்டார். வைகாசி வெக்கை. ஹாலில் ஒரு ஃபேன், அதற்குக் கீழே முப்பது பேர். எனக்குக் காற்று வரவில்லை. அந்த அநீதியைச் சரிசெய்ய நான் ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன். கெட்டுப்போன டேப் ரெக்கார்டரில் இருந்து பிடுங்கிய சின்ன மோட்டார். அதன் தலையில் பவுடர் டப்பா மூடியை வெட்டி இறக்கை செருகியிருந்தேன். டார்ச் லைட்டு பேட்டரியில் அது சோம்பலாகச் சுற்றும். அப்போதுதான் எனக்குள் விஞ்ஞானி விழித்துக்கொண்டான். ரெண்டு பேட்டரிக்கே இப்படிச் சுற்றுகிறதென்றால், சுவரில் சொருகினால் என்ன மாதிரி சுற்றும்!

படத்தில் வில்லன் குடோனுக்குள் சண்டை ஆரம்பித்தது. எல்லார் கண்ணும் அங்கே. நான் பின்பக்க அறைக்குப் போனேன். ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு, ரெண்டு ஒயரையும் பிளக்கின் ரெண்டு ஓட்டையில் விட்டு, தீக்குச்சியால் இறுக்கினேன். மோட்டாரைத் தரையில் வைத்தேன். ஒரு அடி தள்ளி நின்று ஸ்விட்ச்சைப் போட்டேன்.

டப்.

ஒரு நீலப்பூ பூத்தது. அவ்வளவுதான். வீடு இருண்டது. ஹாலில் முப்பது பேரும் சேர்ந்து "ஆ..." என்றார்கள். சரி, நம் வீட்டில் போய்விட்டது, அம்மா தோலை உரிக்கப்போகிறாள் என்று நினைத்தபடி ஹாலுக்கு வந்து ஜன்னல் வழியே பார்த்தேன். எதிர்வீட்டில் இல்லை. அதற்கு அடுத்த வீட்டில் இல்லை. தெருவிளக்கு இல்லை. மெயின் ரோட்டில் வரிசையாக மஞ்சளாக நிற்குமே, அந்த விளக்குகளும் இல்லை. "பக்கத்து பிளாக்கும் போயிருச்சு! ஊரே போயிருச்சு!" என்று யாரோ தெருவில் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

என் கையில் இன்னும் ரெண்டு தீக்குச்சி மிச்சம் இருந்தது.

அந்த நிமிஷம் எனக்கு வந்தது பயமில்லை என்பதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். பயம் பின்னால் வந்தது. முதலில் வந்தது ஒரு பிரமிப்பு. பவுடர் டப்பா மூடியும் நானும் சேர்ந்து இவ்வளவு பெரிய ஊரை நிறுத்தியிருக்கிறோம்!

வெளியே வந்தேன். அப்படி ஒரு இருட்டை என் ஊரில் நான் பார்த்ததே இல்லை. இருட்டு என்றால் காடாம்புலியூரில் இருக்கிற சாமான் என்றுதான் நினைத்திருந்தேன். அண்ணாந்து பார்த்தேன். எங்கள் தெருவுக்கு மேலே நட்சத்திரம்! ஒன்று ரெண்டல்ல, உப்பு மூட்டை கிழிந்து கொட்டின மாதிரி. இத்தனையும் தினமும் அங்கேதான் இருந்ததா, இல்லை நான் செய்த காரியத்தில் புதிதாக வந்ததா என்று எனக்குச் சந்தேகம். அப்புறம் சத்தம். ஃபேன், டியூப் லைட்டு சோக்கு, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் சேர்ந்து எங்கள் ஊருக்கு எப்போதும் ஒரு முனகல் உண்டு. அது நின்றபோதுதான் அப்படி ஒன்று இருந்ததே தெரிந்தது. வேப்பமரத்தில் இலை உரசுவது கேட்டது. மூன்று வீடு தள்ளி ஒரு குழந்தை சிணுங்குவது காதுக்குள் கேட்டது.

கரண்ட் போகாத ஊரில் யார் வீட்டில் மெழுகுவர்த்தி இருக்கும்? அரிக்கேன் விளக்குக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை. பெண்கள் தடவித் தடவிச் சாமி அறைக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் வாசல்தோறும் காமாட்சி விளக்கும் அகலும் குத்துவிளக்குமாக வெளியே வந்தன. பக்கத்து வரிசையில் சர்ச்சுக்குப் போகிற ஒரு வீட்டில் மட்டும் கை மொத்தத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி இருந்தது. அதையும் கொண்டுவந்தார்கள். தெரு முழுக்க சாமி விளக்கு. கார்த்திகை ஆறு மாசம் முன்னால் வந்துவிட்ட மாதிரி இருந்தது. பிள்ளைகள் ஊளையிட்டுக்கொண்டு ஓடினார்கள். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். இதெல்லாம் என் கைவேலை.

அப்போதுதான் ஆஃபில் இருந்த ஒரு மாமா, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, உலகத்துக்குப் பொதுவாகச் சொன்னார்: "எவனோ எங்கியோ கை வச்சிட்டான்யா. நாளைக்கு அவன் சீட்டு கிழிஞ்சிரும்."

பிரமிப்பு இறங்கி ஓடிவிட்டது. எனக்குக் கணக்கு சடாரென்று விளங்கியது. அப்பா அங்கே கரண்ட்டை அனுப்புகிறார். அது கம்பி வழியாக வந்து எங்கள் பிளக்கில் முடிகிறது. நான் இந்த முனையில் எதையோ சொருகி அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அது நேராக அப்பா கைக்கே போயிருக்கும். அப்பா இந்நேரம் பாய்லர் முன்னால் நின்று, "இது நம்ம வீட்டு ஒயராச்சே" என்று யோசித்துக்கொண்டிருப்பார். வேலை போகும். வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். எங்கள் ஊரில் பிள்ளைகளைப் பூச்சாண்டி காட்டிப் பயமுறுத்தத் தேவையில்லை. 'குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க' என்றால் போதும், பாகற்காயைக்கூடத் தின்றுவிடுவோம்.

ஊரைவிட்டு ஓடுவது என்று முடிவெடுத்தேன். காடாம்புலியூருக்குப் போய், சிம்னி விளக்கில் படித்து, மாமா பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டு, முந்திரிக்காட்டில் பிழைத்துக்கொள்ளலாம். ஸ்கூல் பையைக் கவிழ்த்து, ஒரு சட்டை, கோலிக்குண்டுகள், தடயமான அந்த மோட்டார், எல்லாவற்றையும் போட்டேன். வாசலுக்கு வந்தால் முப்பது ஜோடி செருப்பு. இருட்டில் என்னுடைய ஒன்று கிடைத்தது, இன்னொன்று கிடைக்கவில்லை. யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு நாலு எட்டு வைத்திருப்பேன். ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

அம்மா.

"எங்கடா போய்க்கினு இருக்க? இங்கியே நில்லு."

அவ்வளவுதான் சொன்னாள். கை மட்டும் விடவில்லை. வளையல் என் எலும்பில் பதிந்தது. ஆள் சிக்கிவிட்டான் என்று இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நினைத்தபடி பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினேன். அவளோ என்னைப் பார்க்கவேயில்லை. தெருக்கோடியில் இருந்த வாட்டர் டேங்க் பக்கமாக என்னை இழுத்துக்கொண்டு போனாள். எதிர்வீட்டு அத்தையும் டீச்சரும் ஏற்கெனவே அங்கே அண்ணாந்து நின்றார்கள். அத்தையின் மகன், ஐடிஐ படித்துக்கொண்டிருந்த அண்ணன், டேங்க் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். மரங்கள் அடர்ந்த ஊர். தரையில் நின்றால் எங்கள் தெருவிலிருந்து தெர்மல் தெரியாது. அது ஒழுங்காக ஓடினால் அதன் சிம்னிகளில் புகை போய்க்கொண்டே இருக்கும்.

"ஏல, மேல போயாச்சா? என்னல தெரியுது?" என்றார் அத்தை.

"இரும்மா. ஏறிக்கிட்டுத்தான இருக்கேன். பறக்கவா முடியும்?"

"வாய் பேசாம ஏறு மூதி."

அம்மா கழுத்து வலிக்கிற அளவுக்கு நிமிர்ந்து கத்தினாள். "பொகை வருதா பாருப்பா! பொகை வருதா?"

மேலிருந்து வந்தது, ஏணியில் செருப்பு உரசுகிற சத்தம் மட்டும். அம்மாவின் பிடி இறுகியது. டீச்சர் கையில் இருந்த அகல்விளக்கு அணைந்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பிள்ளைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் அந்த மூன்று பேரைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் போட்ட மாதிரி சத்தமே இல்லை. தலைக்கு மேல் அத்தனை நட்சத்திரம். நான்கூட அந்தப் பயத்திலும் ரெண்டு தரம் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் மேலிருந்து குரல் வந்தது.

"வருதுக்கா! நல்லா வருது! எல்லாச் சிம்னியிலயும் பொகை போவுது. அங்க லைட்டெல்லாம் எரியுது!"

புகை! புகை என்றால் நெருப்பு! நான் கரண்ட்டை மட்டும் நிறுத்தவில்லை, தெர்மலுக்கே தீ வைத்துவிட்டேன்! அம்மா திடீரென்று, எலும்பை உருவிவிட்ட மாதிரி, தார் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். முடிந்தது கதை என்று நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

"அம்மா, நான்தாம்மா! நான்தான் மோட்டாரைப் பிளக்குல சொருகிட்டேன்! அதான் தெர்மல் தீப்புடிச்சிருச்சு! அப்பாவை வேலைய விட்டு எடுக்க வேணாம்னு சொல்லும்மா! நான் கொளுத்தினேன்னு சொல்லிடும்மா!"

பையைத் திறந்து மோட்டாரையும் எடுத்துக் காட்டினேன். பவுடர் டப்பா இறக்கை கருகி ஒரு பக்கமாக மடங்கியிருந்தது.

மூன்று பேரும் மோட்டாரைப் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். எப்பேர்ப்பட்ட சிரிப்பு! அம்மா ரோட்டில் உட்கார்ந்தபடியே என் இடுப்பைக் கட்டிக்கொண்டு குலுங்கினாள். என் சட்டை நனைந்தது. டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு டேங்க் தூணில் சாய்ந்தார். கணக்கில் யாருக்காவது சைபர் போட்டால்கூட அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அத்தை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, எடுத்துக்கொண்டு, மறுபடி திணித்துக்கொண்டு சொன்னார்: "மவராசா, ஊரை அணைக்கப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் மாவையாவது முன்னாடியே ஆட்டி வச்சிருப்பேம்லா!"

பாதிச் சிரிப்பில் கரண்ட் வந்தது. தெருவே ஹோவென்றது. ஒவ்வொரு வீடாக வெளிச்சம் ஓடி வந்து, எங்கள் வீட்டுக்கு முன்னால் நின்றுவிட்டது. எங்கள் வீடு மட்டும் இருட்டு. தீர்ப்பு வந்துவிட்டது என்றே நினைத்தேன். இவ்வளவு சீக்கிரம் குற்றவாளியின் கதவு எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார்களே என்று மேலிடத்தின் மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்தது. எதிர்வீட்டு அண்ணன் இறங்கி வந்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, உருகிப்போன கம்பியைக் காட்டி, புதுக் கம்பி கட்டினார். "உன் ராஜ்ஜியம் இந்தக் கட்டையோட சரிடா" என்றார். படம் முடிந்து செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அப்பா தோசை தின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னார். டவுன்ஷிப்புக்கு வருகிற லைனில் ஒரு அணில் ஏறிவிட்டதாம். தெர்மலில் இருந்தவர்களுக்குக் கரண்ட் போனதே ஷிப்ட் முடிந்து வந்த பிறகுதான் தெரியுமாம். என் சாதனையை ஒரு அணில் தட்டிப் பறித்ததை என்னால் தாங்க முடியவில்லை. நான் சொருகியதும் அது ஏறியதும் ஒரே நேரத்தில் நடந்திருக்கலாமே என்று வாதாடினேன். அப்பா அதை மறுக்கவில்லை. அம்மாவைப் பார்த்து, "ஒரு மணி நேரம் கரண்ட் இல்லாததுக்கா தெருவே டேங்க் அடியில நின்னீங்க?" என்று சிரித்தார். அம்மா, அவர் கேட்காமலே தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள்.

போகட்டும், அணிலுக்கே அந்தப் பெருமை. அந்தச் சிரிப்பு என்னுடையது. என் முதல் மேடை அது என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது ரிட்டயர்மென்ட் விழா, காதுகுத்து என்று எங்கே போனாலும் என் கையில்தான் மைக்கைக் கொடுக்கிறார்கள். எவ்வளவோ நல்ல ஜோக் சொல்லியிருக்கிறேன். ஒரு தரம்கூட அந்தச் சிரிப்பு வந்ததில்லை.

அன்றைக்கு டேங்க் அடியில் கடைசியில் கூட்டம் கூடிவிட்டது. ஆனால் அப்படிச் சிரித்தது மூன்றே பேர்தான். எதிர்வீட்டு அத்தை, டீச்சர், என் அம்மா. மூன்று வீட்டு ஆண்களுக்கும் அன்றைக்கு தெர்மலில் செகண்ட் ஷிப்ட். ஆஃபில் இருந்த மாமாக்களின் வீட்டுப் பெண்களும் பக்கத்தில்தான் நின்றார்கள், நான் அழுததைக் கேட்டார்கள், மோட்டாரைப் பார்த்தார்கள். லேசாகப் புன்னகைத்து, "பிளக்குல எல்லாம் கை வைக்கக் கூடாது தம்பி" என்றதோடு சரி.

பாவம், அவர்களுக்கு நகைச்சுவை உணர்வு கம்மி என்று நான் முடிவு கட்டினேன்.