ஜெயங்கொண்டத்துக்குப் போன இரண்டு படி மட்டி

மாதத்தில் ஒரு சனிக்கிழமை பரங்கிப்பேட்டையிலிருந்து ஜெயங்கொண்டத்துக்கு மட்டிச் சிப்பி சுமப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. தங்கை செல்விக்கு ஏழாம் மாதம். ரத்தம் போதவில்லை என்று டாக்டர் சொன்னதிலிருந்து இந்த ஓட்டம். ரத்தம் ஊற எங்கள் ஊரில் மட்டிக் கறிதான். அப்படியே அரியலூர்ப் பக்கம் கல்லாகிப்போன சிப்பிகளையும் பார்த்து எழுதச் சொல்லி சிலர் கேட்டிருந்தீர்கள். இந்தச் சித்திரையில் பார்த்தேன். எழுதத்தான் தெம்பில்லை.

காலை ஐந்தரைக்குக் கிளம்பி சிதம்பரத்தில் பஸ் மாறினேன். கண்டக்டர் என் ஐஸ் பெட்டியைப் பார்த்து, "கடைசி சீட்டுக்குப் போயிடுங்க சார், இந்த வாடைக்கு எல்லாரும் எறங்கிடுவாங்க" என்றார். போனேன். முந்திரித் தோப்புகள் வருவதற்குள் பாதி ஐஸ் தண்ணீராகியிருந்தது.

எங்கள் ஊரில் மட்டியை ஓட்டோடு படியில் அளந்துதான் விற்பார்கள். உள்ளே சதை எவ்வளவு என்று யாரும் அளப்பதில்லை. ஜெயங்கொண்டம் போய்ச் சேர்ந்ததும் செல்வி வேகவைத்து ஓடு நீக்கிக் கிண்ணத்தைக் காட்டினாள்.

"நம்ம வூட்ல ரெண்டு படிக்கு இது ரொம்பி வழியும் அண்ணே. இப்ப பாதிகூட இல்ல. மாசாமாசம் கொறஞ்சுகிட்டே வருது. சொன்னா வருத்தப்படுவன்னு வுட்டுட்டேன்."

ஓடு பெரியதுதான், சதைதான் வற்றிப்போயிருந்தது. "முகத்துவாரத்துல கால வைக்க முடியல, தண்ணி சுடுது" என்று மட்டி விற்ற அம்மா புலம்பியதை நான் காதில் வாங்கவில்லை. கடல் சூடேறினால் சிப்பி இனங்கள் உயிரைப் பிடித்துக்கொள்ளவே தம் சத்தைச் செலவழித்து இளைத்துவிடும், நல்ல கொழுப்பும் குறையும் என்று படித்திருக்கிறேன். வேறெங்கோ நடக்கிற சங்கதி என்று நினைத்திருந்தேன்.

செல்வி மாதப் பரிசோதனைக்குப் போகும் அரியலூர் ஆஸ்பத்திரி அங்கிருந்து சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். செல்வியின் கணவர் முருகன் நண்பரின் காரை இரவல் வாங்கி வந்திருந்தார். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரி, தூசி. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"ரத்தம் போன மாசத்தவிட எறங்கியிருக்கும்மா. இரும்புச்சத்து மாத்திரை போடுறீங்களா இல்லியா?"

"வாந்தி வருதுக்கா, நிறுத்திட்டேன். அதான் எங்கண்ணன் மட்டி கொண்டாருதுல்ல."

"இப்படியே போனா பிரசவத்துல ரெண்டு உசுருக்கும் ஆபத்தும்மா."

"மட்டிய நம்பாத செல்வி, அதுல முன்ன மாதிரி ஒண்ணும் இல்ல" என்றேன். மட்டி தின்றே வளர்ந்த வாய்தான் அதைச் சொன்னது. அன்றைக்கே இரும்புச்சத்து மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள்.

திரும்பும்போது செல்விதான் கொஞ்சம் சுற்றி வாரணவாசி அருங்காட்சியகத்துக்கு வண்டியை விடச் சொன்னாள். "பாக்கணும்னியே, போயிட்டு வா" என்று காரிலேயே கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே சிப்பிக் கற்கள் முழுதாக, கனமாக இருந்தன. ஒரு காலத்தில் இங்கேயும் சூடான கடல்தானாம். உள்ளே இருந்த சதையைப் பற்றிக் கல்லில் எதுவும் மிச்சமில்லை. ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

சிப்பிக் கல் பார்க்கப் போகிறவர்கள் சித்திரை, வைகாசியைத் தவிர்த்துவிடுங்கள். தண்ணீர் நிறைய வேண்டும். வயலில் கிடக்கும் சிப்பிக் கல்லை எடுத்து வராதீர்கள். மட்டி வாங்கினால் இரண்டைத் திறந்து பார்த்து வாங்குங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையென்றால் டாக்டரிடமே சொல்லுங்கள், சாப்பாட்டை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

சாயங்காலம் கிளம்பும்போது பெட்டியைத் தேடினேன். செல்வி அதைப் பரணில் ஏற்றியிருந்தாள்.

"அது இங்கியே கெடக்கட்டும். அடுத்த மாசம் வெறுங்கையோட வாண்ணே. கொண்டார ஒண்ணுமில்லன்னு வராம மட்டும் இருந்துடாத."