கண்ணாடிக் கடையும் பாதி மண்டையும்

மூக்குக்கண்ணாடி விற்கிறவனுக்கு ஊரிலுள்ள தலைவலியெல்லாம் உறவு. கண் மங்கினவர்களுக்கு முன்னால் மண்டை இடிக்கிறவர்கள்தான் கடையேறி வருவார்கள். சுதந்திரம் வந்த வருடம் கோட்டாறு கடைத்தெருவில் நான் கடை போட்டேன். எனக்கே அந்தத் தலைவலி உண்டு என்பதுதான் வேடிக்கை. இடது கண்ணுக்குப் பின்னால் இடி இடித்து, வெளிச்சத்தைக் கண்டால் குமட்டி, பாதி மண்டையோடு பிழைப்பை ஓட்டும் சகாக்களே, இது உங்களுக்காகத்தான். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

இன்னொரு சங்கதியும் உண்டு. கடை போடுவதற்கு முன்னால் ஒருமுறை மனசு குழம்பி, திருவனந்தபுரம் மனநோய் ஆஸ்பத்திரியின் இரும்புக் கதவுக்குள் நாலு மாதம் இருந்திருக்கிறேன். அங்கே தந்த மருந்தைத் தினமும் குடித்தால்தான் நான் நானாக இருப்பேன். இது என் மனைவி செல்லம்மைக்கும் பக்கத்து ஜவுளிக்கடை மைதீன் அண்ணனுக்கும் மட்டும் தெரியும்.

கறுப்புக் கண்ணாடி

தலைவலி நாளில் கடைக் கதவைப் பாதி சாத்தி, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் இரணியலிலிருந்து ஒரு பெரியவர் தம்பியோடு வந்தார். தலையைத் திருப்பினால் உயிர் போகும் என்பதால் சுவரைப் பார்த்தே "வாங்க" என்றேன். மேசையில் கிடந்த கண்ணாடிக் கூட்டைக் குனியாமல் கையால் தடவித் தேடினேன். அவர் மனமிரங்கி, கூட்டை எடுத்து என் கையில் வைத்தார். பிறகு வாசலுக்குப் போய்த் தம்பியிடம் சொன்னார்: "ஏலே, வா போவோம். கண்ணு தெரியாதவன்கிட்ட கண்ணாடி வாங்க வந்த நம்மளச் சொல்லணும்."

வாழையிலைத் தொப்பி

ஒரு வைத்தியர் நெல்லிக்காயை மோரில் அரைத்து என் தலையில் அப்பி, மேலே வாழையிலையைக் கட்டிவிட்டார். கூடவே ஒரு நிபந்தனை: "இங்கிலீஷ் மருந்து எது குடிச்சாலும் நிறுத்தணும். மண்டைச் சூடு அதுலதான்." பாதி மண்டைக்காரன் எதையும் நம்புவான், உங்களுக்குத் தெரியாததா? நிறுத்தினேன். தலைவலி கொஞ்சம் அடங்கினது போல் இருந்தது. பிறகு தூக்கமும் போயிற்று. அப்புறம் உலகத்தில் ஒருவருக்கும் சரியாகக் கண் தெரியவில்லை என்று எனக்குப் பட்டது.

இலைத் தொப்பியோடு தெருவில் இறங்கி, போகிறவர் வருகிறவர் மூக்கிலெல்லாம் கண்ணாடி மாட்டினேன். வெற்றிலை வாங்க வந்தவருக்கு ஒன்று, பஸ்ஸுக்கு நின்றவருக்கு ஒன்று. செல்லம்மை ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த இரும்புக் கதவு ஞாபகம் வந்தது. மைதீன் அண்ணன்தான் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போனார். நல்லவேளை, டாக்டர் பழைய மருந்தையே கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வெயில் கொண்டு மண்டை கிறங்கிவிட்டது என்று தெருவுக்குச் சொல்லிச் சமாளித்தவரும் மைதீன் அண்ணன்தான். திரும்பி வரும் வழியில் என்னிடம் சொன்னார்: "மக்கா, நீ மாட்டிவிட்ட கண்ணாடியில என் மாமியா ரெண்டாத் தெரிஞ்சா. எனக்கு ஒண்ணையே தாங்க முடியல்ல."

இரண்டு டாக்டர், இரண்டு பொய்

மனசு திரும்பியது. தலைவலியும் விடாமல் கூடவே திரும்பியது. தலைவலிக்குக் காட்டும் கோட்டாறு டாக்டர் "வேறே மருந்து ஏதும் உண்டா?" என்பார். "இல்லை" என்பேன். உண்டு என்றால் அவருடைய கம்பவுண்டருக்குத் தெரியும், கம்பவுண்டருக்குத் தெரிந்தால் கடைத்தெருவுக்குத் தெரியும். கிறுக்கனிடம் யார் கண்ணாடி வாங்குவார்கள்? திருவனந்தபுரத்து டாக்டர் "வேறே தொந்தரவு உண்டா?" என்பார். "பரம சுகம்" என்பேன். தலை என்று வாய் திறந்தால் மறுபடி கதவைப் பூட்டிவிடுவாரோ என்று பயம்.

இப்படி ஒருவர் மருந்து ஒருவருக்குத் தெரியாமல் இரண்டையும் முழுங்கினேன். தலைவலிப் பொடி தினம் மூன்றாகி, ஆறாகி, வாரத்தில் நாலு நாள் மண்டை இடித்தது. ஒரே வாரத்தில் மூன்றாம் தடவை போய் நின்றபோது கம்பவுண்டர் கேட்டார்: "அண்ணாச்சி, பொடிய நீங்க திங்கியளா, கடையில வச்சு விக்கியளா?"

மருந்துச்சீட்டு

அஞ்சுகிராமத்திலிருந்து ஒரு நர்சம்மா படிக்கிற கண்ணாடி வாங்க வந்தார். கடையில் நாலு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் அரிசி மொத்த வியாபாரி, பெரிய மீசைக்காரர். சுவரில் தொங்கும் எழுத்து அட்டையை நாலு பேரும் வாசித்ததைக் கேட்டு நர்சம்மாவுக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது. "சின்ன எழுத்தா வேறே ஏதாச்சும் தா தம்பி" என்றார். எனக்கு அன்றைக்குப் பார்த்து மண்டை பிளந்தது. மேசை இழுப்பறையில் கையைவிட்டு, அகப்பட்ட காகிதங்களைப் பார்க்காமலே நீட்டினேன்.

அம்மா புதுக் கண்ணாடியை மாட்டிக் கணீரென்று வாசித்தார். "திருவனந்தபுரம் மனநோய் ஆஸ்பத்திரி. தினம் ரெண்டு வேளை." அடுத்த சீட்டைப் புரட்டினார். "கோட்டாறு. ஒற்றைத் தலைவலிப் பொடி. ரெண்டுலயும் உன் பேருல்லா இருக்கு?" நாலு பேரும் என்னையே பார்த்தார்கள். தரை பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றவே இல்லை: "எழுத்து நல்லாத் தெரியுது தம்பி, இதையே தா. இந்த ரெண்டு சீட்டையும் ஒரு டாக்டரு மேசையில ஒண்ணா வை, கேட்டியா?"

மச்சினனுக்கு

மறுநாளே இரண்டு சீட்டோடும் திருவனந்தபுரம் போனேன். கதவைப் பூட்டவில்லை, "இத முன்னமே சொல்லப்படாதா?" என்று டாக்டர் வைதார், அவ்வளவுதான். மனசுக்கான மருந்து அப்படியே இருக்கட்டும் என்றார். பொடிதான் வலியைப் பெருக்குகிறது என்று தினப்பொடியை நிறுத்தி, வலி தொடங்கும்போது மட்டும் போட ஒரு மாத்திரை தந்தார். முதல் பத்து நாள் நரகம். பிறகு மாதத்துக்கு இரண்டு தடவை என்று குறைந்தது. முழுசாகப் போகவில்லை, இரண்டு தடவையை நான் ராஜபோகம் என்பேன், நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள்.

விஷயம் கடைத்தெருவுக்குத் தெரிந்து கடைதான் காற்றாடியது. பிழைப்பு போயிற்று என்று செல்லம்மையும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு மத்தியானம் அந்த மீசைக்காரர் வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்து, கதவை அவரே பாதி சாத்தினார். கறுப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்: "ஓய், அந்தத் திருவனந்தபுரத்து டாக்டரைப் பாக்க எந்த வாசல் வழியாப் போகணும்? எனக்கில்ல, பாத்துக்கிடும். மச்சினனுக்கு."

அந்த வருடம் முழுக்க இதே கேள்வியோடு என் கடைக் கதவைப் பாதி சாத்தியவர்களின் கணக்குப்படி, கோட்டாற்றில் மச்சினன்மார் ஒருவருக்கும் தலை சரியில்லை, மச்சான்மார் அத்தனை பேரும் பரம சுகம்.